மேடையில் அசல் டிரம் இருக்கும்போது மாட்யூல் எதற்கு?

கேள்வி

பல ஆண்டுகளாகச் சாதாரண டிரம் செட் வாசித்து வருகிறேன். இரவில் சத்தமின்றிப் பயிற்சி செய்வதற்காக அண்மையில் ஒரு மின்னணு டிரம் செட் வாங்கினேன். அதன் மாட்யூலில் (அடிகளை ஒலியாக மாற்றும் மின்னணுப் பெட்டியில்) நூற்றுக்கணக்கான ஒலிகள் இருக்கின்றன. முதல் வாரம் முழுவதும் அவற்றைத் தட்டித் தட்டிக் கேட்பதிலேயே போய்விட்டது. ஆனால் தொழில்முறைக் கலைஞர்களின் மேடை நிகழ்ச்சிகளைக் கவனித்தால், மர டிரம்கள் முழுமையாக அமைக்கப்பட்டிருக்கும்போதே ஹை-ஹாட்டின் (காலால் திறந்து மூடும் இரட்டைச் சிம்பலின்) அருகில் ஒரு மாட்யூலும் பொருத்தப்பட்டிருக்கிறது. அதற்கு அங்கே என்ன வேலை? கூடவே என் சொந்தச் சிக்கல் ஒன்றையும் கேட்டுவிடுகிறேன்: கிக் (காலால் அடிக்கும் பெரிய டிரம்) பெடலை ஒரு முறை மிதித்தால் சில நேரங்களில் இரண்டு அடி கேட்கிறது. பேட் (அடியை உணரும் தட்டு) பழுதாகிவிட்டதா?

பதில் 1: மேடையில் வாசிப்பவர்

இருக்கிற டிரம்மின் ஒலி மீது இன்னோர் ஒலியை ஏற்றுவதுதான் அங்கே மாட்யூலின் முதல் வேலை. ஸ்னேர் டிரம்மின் விளிம்பில், அடியை உணர்ந்து மின்சமிக்ஞை அனுப்பும் ஒரு சிறிய டிரிகரைக் கவ்வ வைத்து, அதிலிருந்து வரும் கம்பியை மாட்யூலில் செருகிவிட்டால், ஒவ்வோர் அடிக்கும் அசல் ஸ்னேரோடு ஒலிப்பதிவில் கேட்ட கைதட்டலோ, வேறொரு கனமான ஸ்னேரோ சேர்ந்து ஒலிக்கும். இதில் த்ரெஷோல்ட் அளவை, அதாவது மாட்யூல் விழித்துக்கொள்ளத் தேவையான குறைந்தபட்ச அடி வலிமையைச் சற்று உயர்த்தி வைப்பது என் பழக்கம். அப்போது இடைவெளிகளில் மெதுவாகத் தட்டும் சிற்றடிகள் டிரிகரை எழுப்பாமல் மரத்தின் இயல்பான ஒலியோடு நின்றுவிடும். அழுத்தமான அடிகளுக்கு மட்டும் மாட்யூல் சேர்ந்துகொள்ளும்.

இரண்டாவது வேலை, பாட்டுக்குப் பாட்டு ஒலியை மாற்றுவது. நிகழ்ச்சியின் பாடல் வரிசைப்படியே கிட்களை (ஒலித் தொகுப்புகளை) அடுக்கி வைத்துக்கொண்டு, காலடியில் இருக்கும் ஒரு சுவிட்சால் அடுத்த கிட்டுக்கு நகர்கிறோம். நூற்றுக்கணக்கான ஒலிகளில் ஒரு நிகழ்ச்சிக்குப் பயன்படுபவை பதினைந்தோ இருபதோதான். அவற்றின் சத்த அளவு ஒன்றுக்கொன்று சமமாக இருக்கிறதா என்பதை ஹெட்போனில் சோதிக்காமல் அரங்கின் பெரிய ஸ்பீக்கரில் சோதியுங்கள். ஹெட்போனில் கம்பீரமாகக் கேட்கும் கிக், அரங்கில் வெறும் அதிர்வாகக் கரைந்துபோவதை நான் ஒரு தடவைக்கு மேல் பார்த்து வெட்கப்பட்டிருக்கிறேன்.

பதில் 2: ஒலிப்பொறியாளர்

மிக்சருக்குப் பின்னால் இருப்பவன் என்ற முறையில் ஒரு வேண்டுகோள்: மாட்யூலுக்குள் இருக்கும் ரிவர்பை மேடைக்கு வரும்போது அணைத்துவிடுங்கள். அரங்கத்துக்கென்று ஓர் எதிரொலி ஏற்கெனவே இருக்கிறது. உங்கள் செயற்கை எதிரொலி கலந்தே வந்துவிட்டால் அதைப் பிரித்தெடுக்க என்னால் முடியாது. தனி அவுட்புட்டுகள் உள்ள மாட்யூலாக இருந்தால் கிக்கையும் ஸ்னேரையும் தனித்தனியாகத் தாருங்கள். எல்லாம் ஒரே ஸ்டீரியோ இணைப்பில் வந்தால், கிக்கைச் சற்றே கூட்டச் சொல்லும் போதெல்லாம் சிம்பலும் சேர்ந்தே உயரும்.

டிரம்மரின் காதுக்கு மட்டும் போக வேண்டிய, தாள வேகம் காட்டும் கிளிக் ஒலியை ஹெட்போன் வழிக்கு ஒதுக்கிவிட்டோமா என்பதை ஒலிச்சோதனையின்போதே உறுதி செய்யுங்கள். அது அரங்கத்துக்குள் கேட்டுவிட்டால் எந்தக் குமிழைத் திருப்பியும் மறைக்க இயலாது.

இன்னொரு பயன்பாடும் உண்டு, பலர் அறியாதது. டிரிகரின் சமிக்ஞையை யாருக்கும் கேட்கும்படி ஒலிக்கவிடாமல், மைக்கின் கேட்டை (தேவையானபோது மட்டும் ஒலியை உள்ளேவிடும் மின்னணுக் கதவை) திறக்கும் சாவியாக மட்டும் வைத்துக்கொள்வோம். அடி விழும்போது மட்டுமே டாம் டிரம்மின் மைக் திறக்கும். பக்கத்துச் சிம்பலின் இரைச்சல் அதைத் தவறாகத் திறப்பதில்லை.

பதில் 3: டிரம் கருவிகளைப் பராமரிப்பவர்

இரட்டை அடிக்கு வருகிறேன். பேட் பழுது என்று முடிவு கட்ட வேண்டாம். பேடுக்குள் இருக்கும் பீஸோ சென்சார் அதிர்வை மின்னழுத்தமாக மாற்றுகிறது. அது த்ரெஷோல்டைத் தாண்டிய கணத்தில் மாட்யூல் விழித்துக்கொண்டு, ஓரிரு மில்லி செகண்ட் காத்திருந்து அந்த அலையின் உச்சத்தை அளக்கிறது. இது ஸ்கேன் டைம். அடியின் வலிமை இந்த அளவைக் கொண்டே முடிவாகிறது. ஆகவே இது மிகக் குறைவாக இருந்தால் ஒரே வலிமையான அடிகள் கூட வெவ்வேறு வலிமையில் கேட்கும். கூட்டினால் ஒலி அந்த அளவுக்குத் தாமதமாக வரும். அளந்து முடித்ததும் குறிப்பிட்ட நேரத்துக்கு அந்தப் பேடிலிருந்து வரும் எதையும் மாட்யூல் பொருட்படுத்தாது. இது மாஸ்க் டைம். உங்கள் பெடலின் பீட்டர் (அடிக்கும் சுத்தி) தோலில் பட்டு மீண்டும் லேசாகத் துள்ளும்போது, அந்தத் துள்ளல் மாஸ்க் டைம் முடிந்த பிறகு வந்தால் இரண்டாவது அடியாகப் பதிவாகிறது.

ரோலண்ட் நிறுவனத்தின் பல மாட்யூல்களில் மாஸ்க் டைமை 64 மில்லி செகண்ட் வரை கூட்டலாம் என்பதால் சிலர் கடைசி வரை கூட்டிவிடுகிறார்கள். அது தவறு. நிமிடத்துக்கு 240 பீட் வேகத்தில் ஒரு பீட்டுக்கு நான்கு முறை கிக் மிதித்தால் இரண்டு அடிகளுக்கு இடையே இருப்பது 62.5 மில்லி செகண்ட்தான். அங்கே உண்மையான அடிகளே விழுங்கப்படும். முதலில் பேடின் மெஷ் (வலை) தோலை இன்னும் சற்று இறுக்குங்கள், பீட்டரைத் தோலில் அழுத்தி வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள், சென்சிட்டிவிட்டியைக் குறையுங்கள். இவற்றுக்குப் பிறகும் சிக்கல் இருந்தால் மட்டும் மாஸ்க் டைமை இரண்டிரண்டாகக் கூட்டிச் சோதியுங்கள்.

ஒரு பேடை அடித்தால் இன்னொன்று ஒலிப்பது வேறு நோய். அதன் பெயர் கிராஸ்டாக். எல்லாப் பேடுகளும் ஒரே சட்டத்தில் பொருத்தப்பட்டிருப்பதே பெரும்பாலும் அதற்குக் காரணம். இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

பதில் 4: ஸ்டுடியோவில் ஒலிப்பதிவு செய்பவர்

ஒலிப்பதிவில் மாட்யூலின் சொந்த ஒலியை நாங்கள் அதிகம் நம்புவதில்லை. வாசிப்பை ஆடியோவாகவும் மிடியாகவும் (எந்த டிரம், எப்போது, எவ்வளவு வலிமையில் அடிக்கப்பட்டது என்ற தரவாகவும்) ஒரே நேரத்தில் பதிவு செய்துகொள்கிறோம். இறுதிக் கலவையில் ஸ்னேர் பொருந்தவில்லை என்றால், வாசித்தவரை மீண்டும் அழைக்காமலேயே ஒலியை மட்டும் மாற்றிவிடலாம். ஜெனரல் மிடி என்ற பொது வழக்கப்படி ஒவ்வொரு டிரம்முக்கும் ஓர் எண் உண்டு: கிக் 36, ஸ்னேர் 38, மூடிய ஹை-ஹாட் 42, திறந்த ஹை-ஹாட் 46. உங்கள் மாட்யூலும் ஒலிப்பதிவு மென்பொருளும் இந்த எண்களில் ஒத்துப்போகின்றனவா என்று முதலில் பார்த்துவிடுங்கள். பெரும்பாலும் தகராறு ஹை-ஹாட்டில்தான் வரும்.

கேள்வி கேட்டவர்

தோலை அரைச் சுற்று இறுக்கி, சென்சிட்டிவிட்டியை இரண்டு படி குறைத்தேன். மாஸ்க் டைமைத் தொடவே இல்லை. இரட்டை அடி நின்றுவிட்டது. ஆனால் பீட்டரைத் தோலிலேயே அழுத்தி வைப்பது என் பழைய பழக்கம் என்பதும் இப்போதுதான் தெரிந்தது. சாதாரண கிக்கில் இது ஒருபோதும் காதில் விழுந்ததில்லை.

பதில் 3-ஐ எழுதியவர்

சாதாரண கிக்கிலும் அந்தத் துள்ளல் இருந்திருக்கும். முதல் அடியின் முழக்கத்தில் அது மறைந்திருக்கும். சில நாள்கள் மெதுவான வேகத்தில், பீட்டரை உடனே மீளவிட்டு மிதித்துப் பழகுங்கள். அதன்பின் குறைத்த சென்சிட்டிவிட்டியை ஒரு படி கூட்டிப் பாருங்கள்; மெல்லிய மிதிகள் இப்போது பதிவாகாமல் போகின்றன என்றால் அவையும் திரும்பிவிடும்.