மறு: ஊர்ப்பாறையில் நட்புச் சிலை

சங்கத்து அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும்,

நம் ஊர்ப்பாறை உச்சியில் தமிழ்-மலையாள நட்புக்குக் கான்கிரீட் சிலை வைக்கப்போகிறீர்கள், இரண்டு கை குலுக்குவதுபோல. படம் பார்த்தேன். கை குலுக்கிக்கொள்வது நம் ஊரில் யாருக்குமே பழக்கமில்லை, அது கிடக்கட்டும்.

போன பெருநாள் லீவுக்கு ஷார்ஜாவிலிருந்து குடும்பத்தோடு ஜார்ஜியா போயிருந்தோம். குடவுரி என்ற மலையூரைத் தாண்டியதும் மலை விளிம்பில் அரைவட்டமாக ஒரு பெரிய கட்டடம், உட்சுவரைச் சுற்றிலும் வண்ண ஓடு பதித்த சித்திரங்கள். ரஷ்ய-ஜார்ஜிய நட்புக்கான சின்னம். 1783இல் போட்ட கியோர்கியெவ்ஸ்க் உடன்படிக்கையின் இருநூறாம் ஆண்டுக்காக 1983இல் கட்டியது. உடன்படிக்கை போட்ட 18 வருடத்தில் ரஷ்யா ஜார்ஜியாவைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. சின்னம் கட்டிய 25 வருடத்தில், 2008இல், இரண்டு நாடும் சண்டை போட்டன. கீழே பள்ளத்தாக்கு அழகுதான், சும்மா சொல்லக்கூடாது.

இப்போது லீவில் வந்ததும் மகனைச் சிதறால் மலைக்குக் கூட்டிப்போனேன். மார்த்தாண்டத்துக்குப் பக்கம்தான். ஆனால் நாம் பள்ளிக்கூட டூரில் போனதோடு சரி. உச்சியில் தானாகக் கவிந்த பாறை, அதன் முகத்தில் வரிசையாகத் தீர்த்தங்கரர்கள், சமணர் வணங்கும் குருமார். ஆய் வம்சத்து மன்னன் விக்கிரமாதித்த வரகுணன் காலத்தில், 9ஆம் நூற்றாண்டில், இது சமணர் மலை. குணந்தாங்கிக் குரத்திகள் என்ற பெண் துறவி பொன் நகை கொடுத்ததாகக் கல்வெட்டு இருக்கிறது. 13ஆம் நூற்றாண்டு வாக்கில் பகவதி கோயிலானது. மனமொத்து நடந்ததென்று நான் சத்தியம் செய்யமாட்டேன். ஆனால் பகவதி வந்த பிறகும் தீர்த்தங்கரர்கள் பாறையில் இருக்கிறார்கள்.

எண்ணெய்க் குப்பியோடு வந்த ஒரு அம்மச்சி பகவதியைத் தொழுதுவிட்டு, திரும்புகிற வழியில் அந்தத் தீர்த்தங்கரர்களில் ஒருவரான பார்சுவநாதரையும் ஒரு கும்பிடு போட்டார். அது யாரென்று மகன் கேட்டான். தலைக்குமேல் படமெடுத்து நின்ற பாம்பைக் காட்டி, "பாம்பு உள்ள சாமியாக்கும், மக்களே" என்றார்.

சிலைக்கு நான் கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை. பாறையை மட்டும் விட்டுவிடுங்கள். முந்தாநாள் மழையில் நம் பஸ் ஸ்டாப்பில் நின்றவர்கள், திருவனந்தபுரம் போகிறவர்களும் நாகர்கோவில் போகிறவர்களும், மொத்தப் பேரும் சாயாக்கடைத் தார்ப்பாய்க்கு அடியில் ஒண்டிக்கொண்டோம். அங்கே ஒரு கூரை போடலாம். தகரம் போதும்.