மேட்டுப்பாளையத்திலிருந்து சைக்கிளில் நீலகிரி: எந்த வழியாக ஏறுவது?

பல்சக்கரம்:
வணக்கம். பொங்கல் கூட்டம் வடிந்ததும் ஜனவரி கடைசியில் 3 நாள் லீவு கிடைக்கும். சென்னையிலிருந்து நீலகிரி எக்ஸ்பிரஸில் சைக்கிளை ஏற்றி, மேட்டுப்பாளையத்தில் இறங்கி, மிதித்தே ஊட்டி போக ஆசை. ரோடு பைக். முன்னால் 50, 34 பல் சக்கரங்கள், பின்னால் 11 முதல் 28 பல் வரை, ரிம் பிரேக் (சக்கர விளிம்பைக் கட்டையால் பிடிப்பது), 25 மி.மீ. டயர். மேம்பாலத்தைத் தவிர வேறு ஏற்றம் பார்க்காத கால். குன்னூர் வழியா, கோத்தகிரி வழியா? மேலே எப்படிச் சுற்றலாம்? திரும்பும்போது கல்லட்டி வழியாக மசினகுடி இறங்கலாமா? சைக்கிளுக்கு இ-பாஸ் (நீலகிரிக்குள் நுழைய ஆன்லைன் அனுமதி) வேண்டுமா?

அரவேணு வளைவு:
கோத்தகிரி வழியா ஏறுங்க. குன்னூர் 34 கி.மீ., கோத்தகிரி 33. தூரத்துல பெரிய வித்தியாசம் கிடையாது, வண்டி நெரிசல்லதான் வித்தியாசம். குன்னூர் ரோட்டுல 14 கொண்டை ஊசி வளைவு, பஸ், லாரி, டூரிஸ்ட் வேன் எல்லாம் அதுலதான். இடது பக்கம் திரும்பற வளைவுல நீங்க உள்வட்டத்துல இருப்பீங்க, அங்கதான் ஏத்தம் செங்குத்து. கூடவே ஏர்ற பஸ் வலது பக்கம் அகலமா ஒதுங்கித் திரும்பும். இடம் விடுறான்னு நினைச்சு பக்கத்துல நுழைஞ்சுடாதீங்க, பின் சக்கரம் உள்ள வெட்டிக்கிட்டு நேரா உங்க மேல வரும். வளைவுக்கு முன்னாடியே நின்னு பஸ்ஸை அனுப்பிட்டு ஏறுங்க. எந்த ரோட்டுக்கும் இது பொருந்தும்.

மேட்டுப்பாளையம் 300 மீட்டர் சொச்சம், கோத்தகிரி 1,800 சுமார். அடிவாரத்துச் சமதளத்தைக் கழிச்சா சராசரி 5 சதவீத ஏத்தம். படிச்சா சின்னதாத் தெரியும், ஆனா இறக்கமே வராம 4, 5 மணி நேரம் அதேதான். உங்க லேசான கியர் 34-28ல (முன்னாடி 34 பல், பின்னாடி 28) நிமிஷத்துக்கு 60 சுத்து மிதிச்சா 9 கி.மீ. வேகம் வரணும். புதுக் காலுக்கு அது முடியாது, சுத்து குறையும், முட்டி வாங்கும். பின்னாடி 11-34 கேசட் (பல்சக்கர அடுக்கு) போட்டா அதே 60 சுத்துல 7.5 கி.மீ. போதும். ஆனா கேசட்டை மட்டும் மாத்தினா வேலைக்கு ஆகாது. சங்கிலியைப் பல்லு விட்டு பல்லு மாத்துறது டெரெய்லர்; அதுல குட்டைக் கூண்டு பலதும் 28 பல்லுக்கு மேல தாங்காது, நீளக் கூண்டு வேணும். சங்கிலியும் புதுசா நீளமாப் போடணும். பழசையே விட்டா பெரிய பல்லுல போட்டதும் இழுத்து டெரெய்லரை முறிச்சுடும்.

இருட்டுல கிளம்பாதீங்க. வழியில குஞ்சப்பனைப் பக்கம் யானை நடமாட்டம் உண்டு, பலாப்பழக் காலத்துல இன்னும் அதிகம். விடிஞ்சு 7 மணிக்கு மேல ஏறுங்க. கோத்தகிரிக்கு முன்னாடி வர்ற அரவேணு வந்துட்டா மீதி கொஞ்சம்தான். மேல தேயிலைத் தோட்டத்துல காட்டெருமை ரோட்டோரம் நிக்கும். மணியடிக்காம, கத்தாம நின்னு, அது தானா நகர்ந்ததும் போங்க. சாயங்காலம் 5:30க்குள்ள ரூமுக்குப் போயிடணும்.

பிரேக் வேன்:
ரயில் பற்றி. சைக்கிளை பெட்டிக்குள் திணிக்கப் பார்க்காதீர்கள். சென்ட்ரல் பார்சல் ஆபீசில் பயணச் சீட்டைக் காட்டி லக்கேஜாகப் பதிந்தால் பிரேக் வேனில் வரும். 2 மணி நேரம் முன்னதாகப் போங்கள். பாட்டில், விளக்கு, மீட்டர் எல்லாவற்றையும் கழற்றிக் கையில் வையுங்கள். சங்கிலியைப் பின் கேசட்டின் பெரிய பல்லில் போட்டால் டெரெய்லர் உள்ளே ஒடுங்கும், அதன்மேல் அட்டை சுற்றுங்கள். பெயர், போன் நம்பர், "மேட்டுப்பாளையம்" மூன்றையும் அட்டையில் பெரிதாக எழுதிக் கட்டுங்கள். ரயில் அங்கேயே முடிவதால் இறக்க மறந்து அடுத்த ஊருக்குப் போகும் பயமில்லை. ரசீதைத் தொலைக்காதீர்கள். மலை ரயிலில் சைக்கிள் வைக்க இடமே கிடையாது, அந்த ஆசையை விடுங்கள்.

ஏறுவதைவிட இறங்குவதில்தான் எனக்கு உங்களைப் பற்றிக் கவலை. ரிம் பிரேக்கை விடாமல் அழுத்தினால் ரிம் சூடேறி உள்ளே காற்று விரியும், டியூப் வெடிக்கும். கார்பன் ரிம் என்றால் இந்த மலைக்குக் கொண்டே வரவேண்டாம். வளைவுக்கு முன் நேர்ப்பாதையில் இரண்டு பிரேக்கையும் சேர்த்து அழுத்தி வேகத்தைக் கொன்றுவிட்டு, வளைவில் விட்டுவிடுங்கள். பாதி வழியில் 10 நிமிடம் நில்லுங்கள். ரிம்மில் விரல் வைத்துப் பார்க்காதீர்கள், சுட்டுவிடும். பிரேக் கட்டைகளில் அலுமினியத் துணுக்கு பதிந்திருந்தால் குண்டூசியால் நோண்டி எடுங்கள், இல்லையென்றால் ரிம்மைச் சுரண்டும். டயர் காற்றை வழக்கத்தைவிட 10 பிஎஸ்ஐ குறையுங்கள். முடிந்தால் 28 மி.மீ. டயர்.

இன்னொன்று: 700சி டியூப் (ரோடு பைக் சக்கர அளவு), பிரெஸ்டா வால்வு (அதன் ஒல்லியான காற்று வால்வு) எல்லாம் மலையில் கிடைக்கும் என்று நம்பி வராதீர்கள். டியூப் 2, பேட்ச், பம்ப், கூடவே பிரெஸ்டாவை மோட்டார் வண்டி வால்வாக மாற்றும் பித்தளைத் திருகு ஒன்று. அது இருந்தால் எந்த பஞ்சர் கடையிலும் காற்று பிடிக்கலாம்.

கேத்தி பள்ளத்தாக்கு:
இ-பாஸ் 2024 மே மாசத்துல இருந்து வெளியூர் மோட்டார் வண்டிக்குத்தான், சைக்கிளுக்கு இல்லை. பின்னாடி நண்பர் கார் வந்தா அதுக்கு எடுக்கணும். பிளாஸ்டிக் தண்ணி பாட்டில் கொண்டு வந்தா செக்போஸ்ட்ல வாங்கி வெச்சுக்குவாங்க.

கல்லட்டி வேண்டாங்க. 36 கொண்டை ஊசி, சரிவு கடுமை. வெளியூர் வண்டிய அந்தப் பக்கம் இறங்கவே விடுறதில்லை. கீழ முதுமலை புலிகள் காப்பகம், அங்க வழியில நிக்கக் கூடாது. பஞ்சர் ஆனா எங்க நிப்பீங்க?

3 நாளுக்கு இப்படிப் போங்க. முதல் நாள் கோத்தகிரி, அங்கயே தங்கல். மறுநாள் கட்டபெட்டு வழியா ஊட்டி, 30 கி.மீ.க்குள்ள. இதுல ஒரு சூது இருக்கு: தொட்டபெட்டா ஜங்ஷன் வரைக்கும் ஊட்டியைவிட உயரத்துக்கு ஏறி அப்புறம்தான் இறங்கணும். வேர்த்த உடம்போட அப்படியே இறங்கினா நடுங்கிடுவீங்க. ஜெர்சிக்குள்ள நெஞ்சுல நாளிதழ் ஒண்ணை மடிச்சுச் செருகி, மேல காத்து புகாத ஜாக்கெட் போடுங்க. முழு விரல் கையுறை கட்டாயம், விரல் மரத்துப்போனா பிரேக் பிடிக்காது. ஜனவரில ஊட்டியைத் தாண்டி தலைகுந்தா பக்கம் உறைபனி, 8 மணிக்கு முன்னாடி அந்தப் பக்கம் போகாதீங்க. மத்தியானம் ஊட்டியில இருந்து 18 கி.மீ. இறங்கி குன்னூர்ல தங்குங்க. மூணாம் நாள் குன்னூர், கட்டபெட்டு, கோத்தகிரி, மேட்டுப்பாளையம்.

அவலாஞ்சியை விட்டுடுங்க, வனத்துறை வண்டியிலதான் உள்ள போகமுடியும்.

பல்சக்கரம்:
நன்றி. கேசட், டெரெய்லர், சங்கிலி மூன்றையும் மாற்றுகிறேன். ஏப்ரல், மே மாதத்திலும் கோத்தகிரி வழியாகவே ஏறலாமா?

அரவேணு வளைவு:
கூடாது. சீசன்ல ஒருவழிப் பாதை போடுவாங்க: ஏர்ற வண்டி குன்னூர் வழியா, இறங்கறது கோத்தகிரி வழியா. மொத்தக் கூட்டமும் எதிர்ல இறங்கி வரும், நீங்க மட்டும் ஏறிக்கிட்டு இருப்பீங்க. முதல்முறை வர்றவங்க அந்த ரெண்டு மாசம் சைக்கிளோட வரவே வேண்டாங்க.