குல்மார்க்கில் முதல் பனிச்சறுக்கு: சென்னையில் இருந்தபடி உடம்பையும் மனசையும் எப்படித் தயார் செய்வது?

அம்பத்தூர் வாணி

எல்லோருக்கும் வணக்கம். பிப்ரவரியில் நாங்கள் சில குடும்பங்கள் சேர்ந்து காஷ்மீரில் இருக்கும் குல்மார்க் போகிறோம். வெறுமனே சுற்றிப் பார்த்துவிட்டு வருவதாக இல்லை. பயிற்சியாளர் வைத்துப் பனிச்சறுக்கு கற்றுக்கொள்வதென்று முடிவு செய்திருக்கிறோம்.

எனக்கு 41 வயது. வங்கி வேலை, நாள் முழுக்க நாற்காலிதான். காலையில் நடப்பேன். மாடி ஏறினால் மூச்சு வாங்காது, ஆனால் இறங்கும்போது வலது முட்டி லேசாகப் பிடிக்கும். அதைவிடப் பெரிய கவலை பயம். எஸ்கலேட்டரில் இறங்கும்போதே கைப்பிடியை விடமாட்டேன். பனியை நேரில் பார்த்ததுகூட இல்லை. என் மகளுக்கு 12 வயது, இப்போதே துள்ளிக்கொண்டிருக்கிறாள். ஓரமாக உட்கார்ந்து அவளை ஃபோட்டோ எடுக்க எனக்கு விருப்பமில்லை, கூடவே கற்றுக்கொள்ள வேண்டும். இப்போது நவம்பர். என்ன செய்யலாம், சொல்லுங்கள்.

கோவை மீனா

வாணி, நான் 40 வயதுக்கு மேல் குல்மார்க்கில்தான் பழகினேன். அதற்குப் பிறகு பனிக்காலம் வந்தாலே அங்கே போகத் தோன்றுகிறது. அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முட்டியையும் பயத்தையும் நீங்கள் தனித்தனியாகக் கேட்டிருக்கிறீர்கள். ஸ்கீ, அதாவது காலில் மாட்டும் சறுக்குப் பலகை, அதன் மேல் ஏறினால் இரண்டும் ஒரே விஷயம்தான். சரிவில் நின்றதும் பயந்த உடம்பு தானாகப் பின்னால் சாயும். சாய்ந்தால் ஸ்கீயின் முன்பாதியில் எடை இருக்காது, அதனால் திருப்ப நினைத்தாலும் திரும்பாது, வேகம்தான் ஏறும். வேகம் ஏறினால் இன்னும் சாய்வீர்கள். அந்த நிலையில் மொத்த உடம்பையும் தொடையின் முன்பக்கத் தசைதான் தாங்கிக்கொண்டிருக்கும். கொஞ்ச நேரத்திலேயே தொடை எரிய ஆரம்பிக்கும், களைத்த கால் சொன்னபடி கேட்காது, பயம் இன்னும் கூடும். ஆகவே தொடையைப் பலப்படுத்துவதுதான் பயத்துக்கும் பாதி மருந்து.

இன்றைக்கே தொடங்கலாம். சுவரில் முதுகை ஒட்டி, நாற்காலி இல்லாமலே நாற்காலியில் இருப்பதுபோல் உட்காருங்கள். முதலில் 20 விநாடி போதும், ஜனவரிக்குள் 90 விநாடிக்குக் கொண்டுவாருங்கள். முட்டி வலித்தால் அவ்வளவு கீழே போகாமல் கொஞ்சம் உயரமாகவே நில்லுங்கள். அப்புறம் மாடிப்படி. எல்லோரும் ஏறுவதைத்தான் பயிற்சி என்று நினைக்கிறார்கள். ஸ்கீக்கு இறங்குவதுதான் பயிற்சி: தொடைத் தசை நீண்டுகொண்டே எடையைத் தாங்கும் வேலை அங்கேயும் அதேதான். லிஃப்டில் மேலே போய், படியில் நிதானமாக, சத்தம் வராமல் கால் வைத்து இறங்குங்கள். பல் தேய்க்கும்போது ஒற்றைக் காலில் நில்லுங்கள்.

இனி மனசு. "பயப்படாதீர்கள்" என்று நான் சொல்லப்போவதில்லை. பயம் வரும். அப்போது உடம்புக்கு ஒரு வேலை கொடுக்க வேண்டும். ஸ்கீ பூட்ஸ் போட்டதும் முட்டியை மடக்கிப் பாருங்கள், உங்கள் கெண்டைக்கால் முன் எலும்பு பூட்ஸின் நாக்கில் போய் அழுந்தும். சரிவில் எப்போது பயம் வந்தாலும் கேட்க வேண்டியது ஒரே கேள்வி: "எலும்பு அழுந்துகிறதா?" அழுந்தினால் நீங்கள் சரியான இடத்தில் நிற்கிறீர்கள். பார்வை ஸ்கீ நுனியில் இருக்கக் கூடாது, போகப்போகிற இடத்தில் இருக்க வேண்டும். முதல் நாளே 'ஸ்னோ ப்ளோ' கற்றுக்கொடுப்பார்கள். முன்நுனிகளைச் சேர்த்து, குதிகால்களை அகட்டித் தள்ளி வேகத்தைக் குறைக்கும் முறை அது. அந்த நிலையில் வலது காலில் எடை கொடுத்தால் இடது பக்கம் திரும்பும், இடது காலில் கொடுத்தால் வலது பக்கம். இதை இப்போதே வீட்டுத் தரையில் சாக்ஸ் போட்டுக்கொண்டு செய்து பாருங்கள். அங்கே போனதும் கால் புதிதாகத் திகைக்காது.

விழுவீர்கள், எல்லோரும் விழுவார்கள். விழப்போவது தெரிந்தால் மேட்டுப் பக்கமாக, இடுப்பின் பக்கவாட்டில் விழுங்கள். கையில் இருக்கும் ஊன்றுகம்பை விட்டுவிடுங்கள். கையில் பிடித்தபடி ஊன்றினால் கட்டைவிரல் மூட்டின் தசைநார் கிழியக்கூடும். சறுக்கிக்கொண்டிருக்கும்போதே எழ முயன்றால் முட்டி திருகிக்கொள்ளும், முழுதாக நின்ற பிறகு எழுந்திருங்கள். இரண்டு ஸ்கீயும் உடம்புக்குக் கீழ்ப்பக்கம், சரிவுக்குக் குறுக்கே இருந்தால்தான் எழ முடியும். அதையும் கட்டில் மெத்தைமேல் படுத்து ஒத்திகை பார்க்கலாம்.

வாடகைக் கடையில் அவசரப்படாதீர்கள். ஒரே ஒரு நீள சாக்ஸ், அதுவும் மெல்லியது. குளிருக்குப் பயந்து இரண்டு சாக்ஸ் போட்டால் ரத்த ஓட்டம் தடைபட்டு விரல் இன்னும் விறைக்கும். தெர்மல் பேண்ட்டைப் பூட்ஸுக்குள் செருகக் கூடாது. நேராக நின்றால் கால் கட்டைவிரல் முன்னால் லேசாகத் தொட வேண்டும், முட்டியை மடக்கினால் விலக வேண்டும், குதிகால் மட்டும் எழவே கூடாது. எடையையும் உயரத்தையும் உள்ளபடியே சொல்லுங்கள். பூட்ஸை ஸ்கீயோடு பிணைக்கும் பைண்டிங், விழும்போது எவ்வளவு விசையில் கழன்றுகொள்ள வேண்டும் என்பதை அதை வைத்துத்தான் திருகி அமைப்பார்கள். கழல வேண்டிய நேரத்தில் கழலாத பைண்டிங்தான் முட்டியைப் பதம் பார்ப்பது.

மதுரை பிசியோ

மீனா அம்மா சொன்னதெல்லாம் சரி. ஒன்றே ஒன்று சேர்க்கிறேன். வாணி, படி இறங்கும்போது மட்டும் பிடிக்கும் முட்டி பெரும்பாலும் முட்டிச்சில்லுக்குப் பின்னால் வரும் அழுத்தத்தால் இருக்கும். ஆனால் பார்க்காமல் நான் எதுவும் சொல்லக் கூடாது. வீக்கம், திடீரென்று மடங்கிப்போவது, பூட்டிக்கொள்வது இதில் ஏதாவது இருந்தால் முதலில் எலும்பு மருத்துவரைப் பாருங்கள். இல்லையென்றால் பக்கவாட்டில் படுத்து மேல்காலைத் தூக்கும் பயிற்சியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். இடுப்புத் தசை பலவீனமாக இருந்தால் முட்டி உள்ளே சாயும், ஸ்னோ ப்ளோ நிலையில் அது இன்னும் அதிகமாகும். கிளம்புவதற்கு முந்தைய வாரம் புதிதாக எதையும் தொடங்க வேண்டாம்.

ரொறன்ரோ சிவா

ஓம், மீனா அக்கா சொன்னது முழுக்க உண்மை. நான் இங்கே கொலிங்வுட் பக்கம் பிள்ளைகளோடு போறனான். உடுப்பைப் பற்றி ஒருவரும் சொல்லேல்லை. பருத்தி வேண்டாம். வேர்த்தால் ஈரத்தைப் பிடிச்சு வைச்சு உங்களைக் குளிராக்கும். உள்ளே தெர்மல், நடுவில் ஃபிளீஸ், வெளியே தண்ணி புகாத ஜாக்கெட். ஹெல்மெட் கட்டாயம் கேட்டு வாங்குங்கோ. மகளோடு ஒரே வகுப்பில் சேர வேண்டாம் என்பது என் எண்ணம். பிள்ளைகள் மளமளவென்று பழகிவிடுவினம், பக்கத்தில் நின்றால் உங்களுக்கு அவசரம் வரும்.

அம்பத்தூர் வாணி

மீனா அக்கா, சுவர் உட்காரல் இன்று காலை 25 விநாடி. நிஜமாகவே தொடை நடுங்குகிறது! இன்னும் இரண்டு கேள்வி. உயரத்தால் தலைவலி வருமா? என் கணவர் இரண்டாம் நாளே கண்டோலாவில் (அங்குள்ள ரோப் காரில்) உச்சிக்குப் போய்ச் சறுக்கிக்கொண்டு இறங்கலாம் என்கிறார். சரியா?

கோவை மீனா

25 விநாடி நல்ல தொடக்கம்.

குல்மார்க் சுமார் 2,650 மீட்டர், ஊட்டியைவிட 400 மீட்டர் உயரம். சிலருக்கு முதல் நாள் லேசாகத் தலை வலிக்கும், தூக்கம் சரியாக வராது. போன அன்றே ஸ்கீயைத் தொடாமல் சும்மா நடந்து, தண்ணீர் நிறையக் குடியுங்கள். குளிரில் தாகம் தெரியாது. முகத்துக்கு சன்ஸ்கிரீன், கண்ணுக்குக் கண்ணாடி, மேகமூட்டமான நாளிலும் வேண்டும். புதுப்பனி புற ஊதாக் கதிரில் 80 சதவீதம் வரை திருப்பி அனுப்பும்.

உச்சி விஷயத்தில் நான் கண்டிப்பாகச் சொல்கிறேன்: வேண்டாம். கண்டோலாவின் முதல் கட்டம் கோங்டோரி வரை, இரண்டாம் கட்டம் அபர்வத் மலையில் சுமார் 3,950 மீட்டர் வரை போகும். மேலே இருப்பது சமன்படுத்திய தொடக்கநிலைச் சரிவு இல்லை. பனி திடீரென்று சரிந்து விழும் ஆபத்து உள்ள திறந்த மலை. பல வருடம் பழகியவர்கள்கூட வழிகாட்டியோடும், புதைந்தவரைத் தேடும் கருவியோடும்தான் இறங்குகிறார்கள். அவருக்கு ஆசையாக இருந்தால் ஸ்கீயைக் கீழேயே வைத்துவிட்டு ஏறிப் பார்த்து, கண்டோலாவிலேயே இறங்கட்டும். டிக்கெட்டை முன்கூட்டியே ஆன்லைனில் எடுத்துவிடுங்கள். நீங்கள் எல்லோரும் பழக வேண்டிய இடம் கீழே புல்வெளி மேடுகளில்தான்.

மதியம் கால் களைத்ததும் நிறுத்திவிடுங்கள். "இன்னும் ஒரே ஒரு முறை" என்று பயிற்சியாளர் சொன்னாலும் வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

அப்புறம், வெளிமாநில ப்ரீபெய்டு சிம் காஷ்மீரில் வேலை செய்யாது. வீட்டில் யாராவது ஒருவரிடமாவது போஸ்ட்பெய்டு இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். பனி கொட்டினால் ஸ்ரீநகர் வண்டி மலையடிவாரத்து டங்மார்க்கோடு நின்றுவிடும், அங்கிருந்து சக்கரத்தில் சங்கிலி கட்டிய வண்டிக்கு மாற வேண்டும். அதற்கும் சேர்த்து நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.