கேக் செய்ய வெண்ணெய்க்குப் பதிலாக எந்த எண்ணெய்?

கேள்வி:
வணக்கம். இரத்தத்தில் கொழுப்பு கூடுதலாக உள்ள என் தந்தைக்காகக் கோதுமை மாவில் கேக் செய்ய விரும்புகிறேன். வெண்ணெய், வனஸ்பதி இரண்டையும் தவிர்த்துவிட்டு, செக்குக் கடலை எண்ணெய், தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய் ஆகியவற்றில் எதை, எவ்வளவு சேர்க்கலாம் என்று அனுபவமுள்ளவர்கள் கூறுங்கள்.

பதில் 1:
சகோதரி, வனஸ்பதியை விட்டது மிக நல்ல முடிவு. 2022 முதல் இந்தியாவில் அதிலுள்ள, இதயத்திற்குக் கேடான டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்திற்குள் கட்டுப்படுத்தப்பட்டிருந்தாலும், இரத்தக் கொழுப்பை உயர்த்தும் நிறைவுற்ற கொழுப்பு அதில் நிறையவே உண்டு. தேங்காய் எண்ணெயிலும் ஏறத்தாழ 90 சதவீதம் நிறைவுற்ற கொழுப்பே என்பதால், செக்கில் ஆட்டியதாக இருந்தாலும் உங்கள் தந்தைக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பதில் 2:
சுத்திகரித்த கடலை எண்ணெயோ சூரியகாந்தி எண்ணெயோ போதும். செக்கு எண்ணெயின் மணம் வெனிலாவை அமுக்கிவிடும். வாழைப்பழக் கேக்கிற்கு மட்டும் அது நன்றாகப் பொருந்தும். வெண்ணெயில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு நீரும் பாலின் திடப்பொருளுமே என்பதால், 100 கிராம் வெண்ணெய்க்கு ஈடாக 80 கிராம் எண்ணெயும் 20 மில்லி பாலும் சேருங்கள். வெண்ணெயைப் போல எண்ணெய் காற்றைப் பிடித்து வைக்காது; ஆகவே முட்டையையும் சர்க்கரையையும் வெளிர்நிறமாக நுரைத்து வரும்வரை அடித்த பிறகே எண்ணெயை மெல்லிய தாரையாக ஊற்றுங்கள்.

பதில் 3:
எந்த எண்ணெயானாலும் கிராமுக்கு 9 கலோரிதான். துண்டுகளைச் சிறியதாகவே வெட்டிக் கொடுங்கள்.