புதுப்பிப்பு: ரிமோட் விமானம் பறக்கவிட இடம் கிடைத்துவிட்டது

எங்கள் சின்ன ரிமோட் விமானக் கிளப்புக்கு மதுரை அவனியாபுரம் பக்கம் ஒரு பொட்டல் சரிவருமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். நீங்கள் சொன்னதுதான் சரி, வராது. ஏர்போர்ட் பக்கத்திலேயே இருக்கிறது. 2021 ட்ரோன் விதிகளின்படி, ஏர்போர்ட் எல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டர் வரையுள்ள பகுதியில் 200 அடி, மற்ற பச்சை மண்டலத்தில் (அனுமதி தேவைப்படாத வான்பகுதி) 400 அடி. அதுவரைதான் அனுமதி கேட்காமல் பறக்கவிடலாம்.

இப்போது அழகர்கோவில் பக்கம் ஒரு வறண்ட கண்மாய். ஊர்ப் பெரியவரிடம் கேட்டதற்கு, "ஆடு மேயுற நேரம் மட்டும் வேணாம் தம்பி" என்றார். அதனால் விடிந்ததும் ஆரம்பித்து, வெயில் ஏறுமுன் மூட்டை கட்டிவிடுகிறோம். அப்புறம் பருந்துகள் வேறு வட்டமிட வந்துவிடும்.

ஃபெயில்சேஃப் (ரிமோட் சிக்னல் அறுந்தால் மோட்டார் தானாக நிற்கும் ஏற்பாடு) பற்றிக் கேட்டவருக்கு: புரொப்பல்லரைக் கழற்றிவிட்டு, மோட்டாரை ஓடவிட்டு, ரிமோட்டை அணைத்துப் பாருங்கள். மோட்டார் நின்றாக வேண்டும். புதிதாக வந்த ஒருவரின் விமானத்தில் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருந்தது. த்ராட்டிலை, அதாவது மோட்டார் வேகக் குச்சியை, பூஜ்யத்தில் வைத்து, விமானத்தில் சிக்னல் வாங்கும் ரிசீவரில் மறுபடி பதியவைத்த பிறகுதான் பறக்க விட்டோம். முகம் சுண்டிப்போனாலும் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார், நல்ல மனுஷன்.

ஆடிக் காற்று ஓயும் வரை தெர்மோகோல் விமானங்களுக்கு லீவு.