பழைய அம்பாசிடர், ஈயமில்லா பெட்ரோல்: ஹெட்டை இறக்கணுமா?

மார்க்3_ஓனர்:
1978 அம்பாசிடர், 1489 சிசி பெட்ரோல். ஞாயித்துக்கிழமை கோயில், மார்க்கெட், அவ்வளவுதான் ஓட்டம். ஈயம் கலந்த பெட்ரோலுக்குன்னு செஞ்ச ஹெட் (இன்ஜின் மேல வால்வெல்லாம் இருக்கற பாகம்), இப்ப வர்றதுக்குத் தாங்காது, நாலு எக்ஸாஸ்ட் வால்வுக்கும் சீட் ரிங், அதாவது வால்வு உட்கார்ற இடத்துல கடினமான வளையம், போட்டுடுங்கன்னு பட்டறையில சொல்றாங்க. செய்யலாமா?

பத்மினி_பிரியன்:
வேண்டாம் சார். சென்னையில 1995-லயே ஈயமில்லாதது வந்தாச்சு, 2000 பிப்ரவரியில நாடு முழுக்க ஈயத்தையே எடுத்தாச்சு. கால் நூற்றாண்டா ஓடின வண்டிக்கு இப்ப திடீர்னு என்ன வந்துச்சு?

லேத்காரன்:
ஓடுது, சரி. சீட் எவ்வளவு தேஞ்சிருக்குன்னு யார் பார்த்தா? ஈயம் இருந்தப்ப அது எரிஞ்ச படிவம் சீட் மேல மெல்லிசா உட்கார்ந்து காப்பாத்துச்சு. அது இல்லேன்னா, சூட்டுல பழுத்துப்போன வால்வு வார்ப்பிரும்பு சீட்டுல துளித்துளியா ஒட்டி, திறக்கும்போது பிய்ச்சுக்கிட்டு வரும். வால்வு ஹெட்டுக்குள்ள ஏறும், டாப்பெட் கேப், அதாவது வால்வுக்கும் அதை அமுக்கற ராக்கருக்கும் நடுவுல விடற இடைவெளி, குறையும். போன மாசம் ஒருத்தர் "வண்டி பூனை மாதிரி ஓடுது, டாப்பெட் சத்தமே இல்ல"ன்னு பெருமையா வந்தார். திறந்தா ஒரு வால்வுல கேப்பே இல்ல, முழுசா மூடாம விளிம்பு கருகிப்போயிருக்கு.

பத்மினி_பிரியன்:
அவர் பைபாஸ்ல அஞ்சு பேரை ஏத்திக்கிட்டு விரட்டியிருப்பார். வால்வு அப்படிப் பழுக்கறது வேகத்துலயும் லோடுலயும்தான். 40-ல கோயிலுக்குப் போறவருக்கு எதுக்கு? என் வண்டி அலுமினிய ஹெட், சீட் ரிங் கம்பெனியிலேயே உண்டு, அதனால தைரியமா பேசறேன்னு நினைக்கலாம், இருக்கட்டும். பழைய ஹெட்ல ரிங்குக்குக் குழி வெட்டறப்ப தண்ணி ஜாக்கெட் (ஹெட்டைக் குளிர வைக்கற தண்ணி ஓடற வழி) வரைக்கும் ஓட்டை விழுந்தா யார் பொறுப்பு?

லேத்காரன்:
வெட்டத் தெரியாதவன்கிட்ட கொடுத்தா விழும்தான்.

கார்புரேட்டர்_கணேசு:
ரெண்டு பேரும் செத்த பாம்பை அடிக்கறீங்க. இப்ப பங்க்ல வர்றதுல 20 சதவீதம் எத்தனால். முதல்ல பெட்ரோல் ஹோஸையும் பம்ப் டயாஃப்ரத்தையும் பாருங்க, பழைய ரப்பர் ஊறிப்போகும்.

லேத்காரன்:
அதுவும் சரி. ஆனா கேள்வி ஹெட்டைப் பத்தி. சார், ரெண்டு வருஷம் முன்னாடி டாப்பெட் எவ்வளவு வெச்சாங்க?

மார்க்3_ஓனர்:
எட்டு வால்வுக்கும் 15 தவ் (ஒரு தவ்னா அங்குலத்துல ஆயிரத்துல ஒரு பங்கு). இன்னைக்கு ஃபீலர் கேஜ், அதான் இடைவெளி அளக்கற தகடு, வெச்சுப் பார்த்தேன். ஏழு வால்வுல 14, 15. மூணாவது சிலிண்டர் எக்ஸாஸ்ட்ல மட்டும் 10.

பத்மினி_பிரியன்:
வண்டி சூடா இருந்தப்பவா, ஆறினப்புறமா? சூட்டுக்குத் தகுந்த மாதிரி கேப் மாறுமே.

மார்க்3_ஓனர்:
கோயில்ல இருந்து வந்த உடனே.

லேத்காரன்:
15 வெச்சது?

மார்க்3_ஓனர்:
தெரியலையே... பட்டறையில கேட்டுச் சொல்றேன்.