4294967297 பகா எண்ணா? ஃபெர்மா சோதனையில் மீதி 0 வருகிறது

கேள்வி
N = 2^32 + 1 = 4294967297. 500-க்குள் இருக்கும் எந்தப் பகா எண்ணாலும் இது வகுபடவில்லை. அடுத்து ஃபெர்மா சோதனை: N பகா எண் என்றால் 2^(N−1)-ஐ N-ஆல் வகுக்கும்போது மீதி 1 வர வேண்டும். N−1 = 2^32 என்பதால், 2-ஐ 32 முறை தொடர்ந்து வர்க்கமாக்கி, ஒவ்வொரு முறையும் N-ஆல் வகுத்து மீதியை எடுத்தேன். மாறி, குறியில்லா 64-பிட். கடைசியில் 0 வருகிறது. பகு எண் என்று முடிவுகட்டலாமா? காரணிகளைக் கையாலேயே கண்டுபிடிக்க முடியுமா?

பதில் 1
முடிவு சரி, காரணம் தவறு. N ஒற்றைப்படை எண். 2-இன் எந்த அடுக்கையும் அது மீதியின்றி வகுக்காது. அதனால் 0 வரவே கூடாது.

ஐந்தாவது வர்க்கத்தில் 2^32 கிடைக்கும். அது N-ஐ விட ஒன்று குறைவு என்பதால் அப்படியே மீதியாக நிற்கும். ஆறாவது வர்க்கம் 2^64. 64 பிட்டில் அடங்கும் மிகப்பெரிய எண் 2^64 − 1, ஆகவே மாறி 0 ஆகிவிடுகிறது. பிறகு கடைசிவரை 0தான். பெருக்கலை 128-பிட்டில் செய்யுங்கள், 1 வரும். ஆம், 2-ஐ வைத்துச் சோதித்தால் இந்த எண் தேறிவிடும்: இது ஒரு போலிப் பகா எண், அதாவது பகு எண்ணாக இருந்தும் சோதனையில் தேறும் எண். 3-ஐ வைத்துச் சோதித்தால் மாட்டிக்கொள்ளும்.

பதில் 2
கையால் தாராளமாக முடியும். இந்த எண்ணின் பகாக் காரணி எதுவானாலும் 128k + 1 வடிவில்தான் இருக்கும். 129, 385, 513 மூன்றும் பகு எண்கள். 257-ஆல் வகுத்தால் மீதி 2. அடுத்தது 641, அதுவே விடை:

4294967297 = 641 × 6700417

ஆய்லர் 1732-இல் கண்டது இதைத்தான். 2^(2^n) + 1 வடிவ எண்கள் எல்லாமே பகா எண்கள் என்ற ஃபெர்மாவின் கணிப்பு இங்கேதான் உடைந்தது.

நீண்ட வகுத்தல்கூட வேண்டாம். 641 = 5·2^7 + 1. எனவே 641-ஆல் வகுக்கும்போது 5·2^7-உம் −1-உம் ஒன்றே. நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 5^4·2^28-இன் மீதி 1. ஆனால் 641 = 5^4 + 2^4 என்பதும் உண்மை, ஆகவே 5^4-க்குப் பதில் −2^4 போடலாம். −2^32-இன் மீதி 1 என்றாகிறது. அதாவது 2^32 + 1 வகுபடும். இவ்வளவு அழகான நிரூபணம் எண்கோட்பாட்டில் அதிகம் இல்லை.

கேள்வி கேட்டவர்
128-பிட்டில் 1 வந்துவிட்டது, நன்றி. 6700417 மேலும் உடையுமா?

பதில் 2
உடையாது. அதன் வர்க்கமூலம் 2589-க்குக் கீழே. அதுவரை 128k + 1 வடிவில் உள்ள பகா எண்கள் 257, 641, 769, 1153, 1409 மட்டுமே. 257 N-ஐயே வகுக்கவில்லை. மற்ற நான்கின் மீதிகள் வரிசையாக 44, 120, 334, 622. ஆகவே N-க்கு நான்கே வகுத்திகள்.

பதில் 3
இன்னொரு வழி: 65536² + 1² = 62264² + 20449² = N. இரண்டு வர்க்கங்களின் கூடுதலாக இரு விதமாக எழுத முடிகிற எண் பகா எண்ணாக இருக்காது. காரணியும் இதிலேயே இருக்கிறது. 65536 − 62264, 20449 − 1 இரண்டின் மீப்பெரு பொதுக் காரணி 8. 65536 + 62264, 20449 + 1 இரண்டின் மீப்பெரு பொதுக் காரணி 50. இவற்றின் பாதிகள் 4, 25. 4² + 25² = 641.